கதவை மூடும் பொத்தான்

பதினேழு மாடிக்கு இரண்டு லிஃப்ட்.
ஒன்று எப்போதும் பழுது.
பழுதென்று எழுதி
மஞ்சள் பட்டி கட்டியவன் நான்தான்.
ஸ்காபரோவில் இப்படி நாற்பத்தொரு கட்டடங்கள்
என் சாவிக்கொத்தில் தொங்குகின்றன.

எஃகு வடம் ஐந்து.
ஒன்றே போதும் பெட்டியைத் தாங்க.
ஐந்தும் அறுந்தால்
தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ள
அடியில் இரண்டு தாடைகள்.
இது எதுவும் தெரியாமல்
பத்துக் கிலோ அரிசிப் பையோடு
போனில் சண்டை பிடித்தபடி ஏறுகிறார்கள்.

ஒன்பதாம் மாடி லிகாயா மட்டும்
ஏறும்போது சிலுவை போடுவாள்.
"போன கிழமைதானே நான் பரிசோதித்தேன்" என்பேன்.
"அதனால்தான்" என்பாள்.

கதவை மூடும் பொத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும்.
இரண்டு முக்கோணங்கள், மூக்கோடு மூக்கு.
அது ஒன்றும் செய்யாது.
புதுப் பலகை மாட்டிய அன்று
சிவப்பு வயரைக் கழற்றி
முனையில் கறுப்பு டேப் சுற்றி
உள்ளே தள்ளியது இந்தக் கை.
கதவுக்கு ஆறு விநாடி.
யார் அழுத்தினாலும் ஆறு.

ஆனாலும் முக்கோணங்கள்
தேய்ந்து வழுவழுத்துவிட்டன.
தரைத்தளப் பொத்தான்கூட இவ்வளவு தேயவில்லை.
சாப்பாட்டு நேரத்தில் மாரெக்கிடம்
சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

குழிக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஒருநாள் யோசித்தது இது:
நம்புவதற்கு நான் வேண்டும்.
நான் நம்புகிறேன்.
தெரிவதற்கு நான் வேண்டியதில்லை.
எனக்குக் குளிரும். எனக்குப் பசிக்கும்.
எனக்குத் தெரியும்.
கேளாமலே வந்து மேலே இறங்குவது.
மாரெக்குக்கு இதைச் சொல்ல முடியவில்லை.
அவன் மொழியில் எப்படியோ.

தை மாதம். விடியப்புறம் மூன்றே கால்.
சிவகௌரி முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
மதுவந்தியின் இருமல்
நாய்க்குட்டி குரைப்பதுபோல் வந்தது.
மூச்சை இழுக்கும்போதெல்லாம்
விலாவுக்குள் ஒரு குழி விழுந்தது.
போர்வையோடு அள்ளிக்கொண்டு ஏறினேன்.
கதவு திறந்தே நின்றது,
வெறும் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு.

அழுத்தினேன்.
பெருவிரலால்.
விரல்முட்டியால்.
உள்ளங்கையால்.
வயர் இல்லையென்று தெரியும்.
டேப்பின் நிறம் தெரியும்.
அழுத்தினேன்.

கதவு மூடியது,
அதன் நேரத்துக்கு.
பதினேழு, பதினாறு, பதினைந்து என்று
வாய் முணுமுணுத்தது.
எண்ணிக்கொண்டிருந்தேன் என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
இந்தக் குளிர் பிள்ளையைக் கொன்றுவிடுமென்று
கோட்டால் அவள் முகத்தை மூடினேன்.
அவள் தட்டிவிட்டாள்.
மறுபடி மூடினேன்.
மறுபடி தட்டிவிட்டு
பனிக்காற்றை வாய் நிறையக் குடித்தாள்.
கார் கண்ணாடியை நான் சுரண்டி முடிக்குமுன்
குரைப்பு பாதியாகிவிட்டது.

"குளிர்காற்றுப் பட்டால்
தொண்டை வீக்கம் தணியும்" என்றார் டாக்டர்,
"எல்லாருக்கும் தெரிந்ததுதானே."
தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பலகையைக் கழற்றினேன்.
வயர் அங்கேயே இருந்தது.
டேப் கொஞ்சம் பிசுபிசுத்திருந்தது, அவ்வளவுதான்.
இணைக்க ஒரு நிமிடம் போதும்.
திரும்ப மூடி நான்கு ஆணியும் முறுக்கினேன்.
பொத்தானைத் துணியால் துடைத்தேன்.
அந்தத் தேய்வில்
எது என்னுடையது என்று தெரியவில்லை.

லிகாயா ஏறினாள். சிலுவை போட்டாள்.
அழுத்தினாள்.
நான் மேலே எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே மாரெக் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தான்.
"அந்தப் பொத்தான்?"
பழுதில்லை, எழுது என்றேன்.