அடிப்பக்கம்

மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சிவப்பு.
அறுபத்தாறாம் வருடத்து வோல்வோ,
கதவோரமாக ஓடி வாலில் எழும்புகிற குரோமியக் கீற்று.
விற்க வந்தவர் அதை மெழுகு போட்டுத் துடைத்திருந்தார்.
நான் குழிக்குள் இறங்கினேன்.

உத்தேவல்லாவில் மார்ச் மாதம்.
குழியின் சிமெண்டுச் சுவரில் குளிர்காலம் இன்னும் மிச்சமிருந்தது.
மய்-லிஸ் பின்னாலேயே இறங்கினாள், விளக்கோடு.
பயணிகள் படகில் இன்ஜின் பார்க்கிறவள்.
வாங்கப்போவது அவள்.
பார்த்துச் சொல்வதற்கு எனக்கு எண்ணூறு குரோனர்.

நான் முதலில் எதையும் தொடுவதில்லை.
அண்ணாந்து நின்று ஈரம் எங்கே என்று பார்ப்பேன்.
கியர்பாக்ஸின் அடியில் ஒரு சொட்டு
விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
பிரேக் குழாய் புதிது, செம்பு நிறம்.
ஸ்பிரிங் கிண்ணங்கள் கெட்டி.
சுழல்தண்டின் மூட்டைக் கையால் முறுக்கினேன்,
ஒரு மயிரிழை ஆட்டம்.
கிரீஸ் துப்பாக்கியை வைத்து இரண்டு அழுத்து அழுத்த
பழைய கிரீஸ் கறுப்பாக, கோபமாக, வெளியே வந்தது.
அடைத்துக் கிடந்த வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிட்டேன்.

நல்ல வண்டி, என்றாள்.
இன்னும் விளிம்புக்கு வரவில்லை, என்றேன்.

கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி விளிம்பு:
மழையும் சேறும் சாலையில் இறைத்த உப்பும்
கடைசியில் வந்து படுக்கிற இடம்.
நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை
லாரி வைத்து உப்பிடுகிறார்கள் இங்கே.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதில்
இரும்பை மிஞ்ச ஆளில்லை.

வலப்பக்க விளிம்பில் கருந்தார்ப் பூச்சு
கொஞ்சம் தடிமனாக இருந்தது.
ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன்.
டங், டங், டங்,
தொப்.

அந்தத் 'தொப்'பை எனக்கு முன்பே தெரியும்.
எங்கே என்றுதான் ஞாபகம் வரவில்லை.
துருவைத் தேடுகிறவன் துருவித் துருவித்தான் ஆகவேண்டும்;
சுரண்டினேன்.
தார் செதில் செதிலாக என் கண்ணாடியில் விழுந்தது.
அடியில் ஒரு ஒட்டுத்தகடு.
சுற்றிலும் பற்றவைத்த புள்ளிகள், கோழி எச்சம் மாதிரி.
காபி டப்பாவை வெட்டித் தட்டையாக்கிய தகடு.
ஓரத்தில் டப்பாவின் பச்சைக் கோடு
எரியாமல் அப்படியே இருந்தது.

தொண்ணூற்று நாலு, பிப்ரவரி.
வாகனப் பரிசோதனைக்கு இரண்டே நாள்.
வாடகை பாக்கி. லீசெகிலிலிருந்து ஒருவர்
ரொக்கத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.
அப்போது இந்தக் கார் வெள்ளை.
முழுப் பூசணிக்காய் ஒன்று,
மறைக்க ஒரு டப்பா தார்ச்சோறு.
நம்பர் பலகையில் இருப்பது அதே நம்பர்தான்.
காலையில் பார்த்தேன், படிக்கவில்லை.

"இதை எவன் செய்தான்?" என்றாள் மய்-லிஸ்.
படகில் இப்படி ஒருவன் ஒட்டுப் போட்டால்
அவனையே அந்த ஓட்டையில் அடைப்போம் என்றாள்.
விளக்கு என் முகத்தில் இல்லை, தகட்டின் மேல்தான் இருந்தது.
தலைக்கு மேலே, விற்க வந்தவரின் காலணிகள்
குழியோரம் முன்னும் பின்னும் நடந்தன.
பாவம், அவருக்குத் தெரியாது.
அவருக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்காது.
சொந்தக்காரர் மாறி, நிறம் மாறி,
முப்பது வருடம் ஒரு காபி டப்பாவை நம்பி
யார் யாரோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
கடலோரச் சாலையில் போயிருக்கிறார்கள்,
ஜன்னலை இறக்கிவிட்டு.

தகடு விலகிய இடத்தில் விரல் நுழைந்தது.
உள்ளே ஈர மண். ஒரு பைன் ஊசி.

நான்தான், என்றேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை.
அந்தச் சொட்டு இந்த நேரம் பார்த்து
என் காதோரம் விழுந்தது.
பிறகு விளக்கை இடப்பக்கம் திருப்பினாள்.

"அங்கேயும்?"

"அங்கே பிஸ்கட் டப்பா."

என் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி
அவளே தட்டத் தொடங்கினாள்.
எண்ணூறு குரோனரைப் பற்றி
இரண்டு பேருமே பேசவில்லை.