டீசல் ரூமிலிருந்து

குமுளியில் கரண்ட் போனால்
அரை நிமிஷத்துக்குள் நான் ஜெனரேட்டர் போட வேண்டும்.
சம்பளம் அதற்குத்தான்.
மற்ற நேரமெல்லாம்
சுவருக்கு இந்தப் பக்கம் டீசல் வாசனை,
அந்தப் பக்கம் சனிக்கிழமை ஜாஸ்.

எல்தோஸ் கோதமங்கலத்துக்காரன்.
மச்சானுடைய ஆம்னியில் டிரம்ஸை ஏற்றி வருவான்.
ஸ்நேரை மட்டும் மடியில் வைத்திருப்பான்,
காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்திருப்பது மாதிரி.

முதல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை.
எங்கள் பக்கம் அடி என்றால் நெஞ்சில் விழ வேண்டும்.
இவன் கம்பி விளக்குமாறு போல ஒன்றை எடுத்து
தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.
வாசிக்க வந்த இடத்தில் கூட்டுகிறானே என்று
சமையல் தங்கமாயனிடம் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ
அந்தப் பெருக்கலுக்குள் ஒரு சத்தம் பிடிபட்டது.
ஏலக்காய்க் கடைப் பெண்கள்
எட்டு எம்.எம். சல்லடையை அரைவட்டமாக ஆட்டும்போது
பருத்தது மேலே தங்கி, சிறுத்தது கீழே உதிருமே,
அது.
எது தங்க வேண்டும், எது உதிர வேண்டும் என்று
அவன் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் அந்தத் தாமதம்.
விழும் என்று நினைக்கிற இடத்தில் அடி விழாது.
கம்பம் வண்டியில் ஒரு டிரைவர் உண்டு,
கொண்டை ஊசி வந்ததும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார்;
வண்டியே ஒருமுறை கம்பியைப் பிடித்த பிறகு
மெல்ல ஒடிப்பார்.
எல்தோஸும் அப்படித்தான்.
பள்ளத்தைக் காட்டிவிட்டுத் திருப்புவான்.

முகத்தைச் சொல்ல வேண்டும்.
கை தொடும் முன்பே முகம் அடி வாங்கிவிடும்.
கீழுதடு தொங்கும், இடது புருவம் மட்டும் ஏறும்.
பெரிய சிம்பலுக்குக் கையை ஓங்குவான்.
நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்வோம்.
அடிக்காமல்
காதைச் சொறிந்துகொள்வான்.
அந்த அடிக்காத அடி
ராத்திரி நான் மலை இறங்கும்போது கூடவே வரும்.

ஜூலையில் ஒரு சனி, காற்றும் மழையும்.
கரண்ட் போனது.
கீபோர்டு செத்தது. பேஸ் கிட்டார் செத்தது.
சாக்ஸபோன்காரர் இருட்டில் இரண்டு ஸ்வரம் ஊதிப் பார்த்து
வாயை எடுத்துவிட்டார்.
டிரம்ஸுக்கு யார் கரண்ட் கொடுத்தது?

என் விரல் ஸ்டார்ட் பட்டனில் இருந்தது.
அழுத்தினால் அறுபத்திரண்டு கே.வி.ஏ. உறுமும்,
அத்தனையும் அவன் மேல் போய் விழும்.
விரலை எடுத்துக்கொண்டேன்.

நான் பிறந்தது லோயர் கேம்ப்பில்.
மேலே தேக்கடித் தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிற அதிர்வை
பாயில் படுத்தபடி முதுகால் கேட்டவன்.
அன்றைக்கு அவன் கால்
பேஸ் டிரம்மை அடிக்கவில்லை, அழுத்திக்கொண்டிருந்தது,
குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் போல.
தகரக் கூரையில் மழை தன்பாட்டுக்குக் கொட்டியது;
அது அவசரப்பட்ட இடத்தில் இவன் பொறுத்தான்,
அது ஓய்ந்த இடத்தில்
ஒரே ஒரு குச்சியால் வளையத்தைத் தொட்டான்.
யாரோ செல்போன் வெளிச்சம் அடித்தார்கள்.
"வேண்டா" என்றது அவன் குரல்.
அணைத்துவிட்டார்கள்.

நாலு நிமிஷம்.

மேனேஜர் பினோய் நனைந்துகொண்டே ஓடி வந்தார்.
"ஏர் லாக்" என்றேன்.
டீசல் என்ஜினுக்கு நல்ல பொய் அது.
நானூறு ரூபாய் பிடித்தார்கள், நிமிஷத்துக்கு நூறு.
உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்தவர்கள்
அதைவிட அதிகம் கொடுத்திருந்தார்கள்,
கரண்ட் வந்ததும் பாதிப்பேர்
சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

ஆம்னி கிளம்பும் முன் எல்தோஸ் டீசல் ரூம் வரைக்கும் வந்தான்.
மடியில் இருக்க வேண்டிய ஸ்நேர் கக்கத்தில் இருந்தது.
அடுத்த சனியும் ஏர் லாக் வருமோ என்று
மலையாளத்தில் கேட்டான்.
மழையைப் பொறுத்தது என்று
தமிழில் சொன்னேன்.