பாலாற்றுக்கு ஒரு மதிப்பெண்

காலாண்டுத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
பாலாற்றைப் படத்தில் குறித்தால் ஒரு மதிப்பெண்.
நாற்பத்தோரு தாளில் நீலக்கோடு.
டில்லிபாபு மட்டும் பழுப்பில் இழுத்திருந்தான்,
ஒரு வளைவுகூடப் பிசகாமல்.
"ஆத்துல தண்ணி எங்க மிஸ் கீது?
டெய்லி அதுலதான் நடந்து வரேன்."
விடைக்குறிப்பில் நீலம் என்றிருந்தது.
சிவப்புப் பேனா கொஞ்ச நேரம் மூடியோடு இருந்தது.
பிறகு போட்டேன்,
தண்ணீர் இல்லாத ஆற்றில் ஒரு சுழி.

எங்கள் சுவரில் தொங்கும் படம்
இன்னும் வட ஆற்காடு என்கிறது.
இரண்டு முறை பிரித்துவிட்டார்கள்.
பள்ளிகொண்டா படுத்த இடத்தைவிட்டு நகரவில்லை.
புதுப்படம் கேட்டு எழுதினேன்;
ஆணி வந்தது.

சனிக்கிழமை ஆற்றுக்குப் போனோம்.
இரண்டு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு,
தவ்பீக்கின் அண்ணன் பேரணாம்பட்டு ஷூ கம்பெனியிலிருந்து
கொண்டுவந்த டேப்,
திசைகாட்டி ஒன்று, அதுவும் என் செல்போனில்.
ஒவ்வொரு லாரி கடக்கும்போதும்
வடக்கு மனம் மாறியது.

கயிறு எட்டாத இடத்தில் காலடி.
இக்கரையிலிருந்து அக்கரைக்கு
யுவஸ்ரீக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு.
தவ்பீக்குக்கு அறுநூற்று முப்பது, அதில் பாதி வீம்பு.
டில்லிபாபுவுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு:
எங்கே கால் புதையாது என்று தெரிந்தவன்.
"யார் கணக்கு சரி மிஸ்?"
பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்,
அடி என்ற சொல்லை
அன்றுதான் சந்தேகப்பட்டேன்.

மணல் அள்ளிய குழிகள் பதினொன்று.
புத்தகத்தில் அதற்குக் குறியீடு இல்லை.
கோகிலவாணி ஒன்று செய்தாள்:
வெறும் வட்டம், உள்ளே எதுவும் இல்லாமல்.
"புள்ளி வெச்சா கெணறுன்னு நெனச்சுப்பாங்க."
குறிப்புக் கட்டத்தில் பெயர் எழுதும்போது தயங்கினாள்.
அவள் மாமா லாரி ஓட்டுகிறார்.
பள்ளம் என்று எழுதினாள்.
விட்டுவிட்டேன்.

சார்ட் தாளில் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர்.
அக்கரையில் டில்லிபாபுவின் வீடு வந்தது,
வீட்டைவிடப் பெரிதாக ஒரு புளியமரம் வந்தது,
அவன் தினமும் வரும் தடம் புள்ளிக்கோடாக வந்தது.
பாலம் தாளுக்குள் வரவில்லை.
ஓரத்தில் அம்பு போட்டு, மூன்று கி.மீ. என்று எழுதினான்.
ஆற்றுக்குப் பழுப்பு.
இந்த முறை என் பேனா பைக்குள் இருந்தது.

ஐப்பசி கடைசியில் ஆந்திரா பக்கம் மழை.
ஒரு ராத்திரி ஆறு வந்தது.
டோல்கேட் வரைக்கும் சத்தம் கேட்டதாம்.
அந்த வாரம் முழுக்க டில்லிபாபு வரவில்லை.
மாதக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டி
அவன் பெயருக்கு நேரே ஆறு என்று எழுதினேன்.
எண்ணை எழுதினேனா காரணத்தை எழுதினேனா,
எனக்கே தெரியவில்லை.

பாலம் சுற்றி வந்தான், முட்டிவரை சேறு.
சார்ட்டைக் கேட்டான்.
யாரிடமோ நீலப் பென்சில் இரவல் வாங்கிப்
பழுப்பின் மேலேயே பூசினான்.
எதையும் அழிக்கவில்லை.
கீழே இரண்டு தேதி எழுதினான்,
நாங்கள் அளந்த நாள், ஆறு வந்த நாள்.
பிறகு ஒரு வட்டத்தின் மேல் விரல் வைத்தான்.
"இதுல எங்க மாடு பூடுச்சு மிஸ்.
தண்ணிக்கு அடியில பள்ளம் தெரியல அதுக்கு.
இதுக்கு இன்னா குறி போடணும்?"

எனக்குத் தெரிந்த குறியீடுகளை
மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
கோயில், மசூதி, தபால் நிலையம், ஒற்றைப் பனை.

கோகிலவாணி எழுந்து வந்தாள்.
குறிப்புக் கட்டத்தில் பள்ளம் என்பதை அடித்துவிட்டு
மணல் திருடிய இடம் என்று எழுதினாள்.
இடம் போதவில்லை.
கடைசிச் சொல் கோட்டைத் தாண்டி
வெளியே போய் நின்றது.