நாற்பத்தேழாவது அடி

தெற்கு ஒமாஹாவில் பனி உருகும் வாரம்
ஆர்வில் ஹ்ருஷ்கா வீட்டு நிலவறையில்
தரை வடிகால் வாந்தி எடுக்கும்.
எனக்கு அழைப்பு வரும்.
"வந்துடுச்சு" என்பார்.
எது என்று நானும் கேட்பதில்லை.

நெற்றியில் விளக்குக் கட்டிய கேமராவைக்
குழாய்க்குள் தள்ளுவது என் பிழைப்பு.
தெருவுக்குத் தெரிந்தது முன்வாசல்,
எனக்குத் தெரிந்தது மற்றது.
பன்றிக் கொழுப்பை ஊற்றுகிறவர்கள் யார்,
எந்த வீட்டுப் பிள்ளை
பிளாஸ்டிக் குதிரையைக் கழிப்பறைவழி மேய அனுப்பியது,
எல்லாம் தெரியும். சொல்வதில்லை.
சொன்னால் தொழில் நாறும்.

ஆர்வில் வீட்டில் சுடுமண் குழாய்.
மூன்றடிக்கு ஒரு மூட்டு,
சணலும் சாந்தும் திணித்து
எவனோ முட்டிபோட்டு அடைத்தது.
திரையில் எண் ஏறும்.
பன்னிரண்டு. முப்பது. நாற்பத்தொன்று.
நாற்பத்தேழாவது அடியில்
அவிழ்ந்த கூந்தல் ஒன்று
அழுக்குத் தண்ணீரில் அலையும்.

வேர் குழாயை உடைத்ததாக ஊர் சொல்லும்.
நான் பார்த்தவரை
மூட்டுதான் முதலில் விடுகிறது.
ஒரு சொட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பு,
உறைந்த மண்ணில் அது போதும்,
பந்தி விரித்த வாசனை.
பஞ்சாயத்து வைத்தால்
குழாய்தான் தலைகுனியவேண்டும்.

ஆனாலும் ரசீதில்
"காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்,
வெள்ளி மேப்பிள் நின்றது, கைக்கெட்டும் தூரத்தில்.
மேப்பிள் என்று எழுதினேன்.
அடுத்த வருடமும் எழுதினேன்.
அதற்கடுத்த வருடம்
கை தானாக எழுதியது.

சுழல்கத்தி விட்டு அறுத்தோம்.
மாதம் ஒருமுறை இரவில்
மயில்துத்தம் இரண்டு கோப்பை.
நீலமாய்க் கரைந்து போவதை
விளக்கைப் போட்டுப் பார்த்திருப்பாராம்.
"பாவம்தான்" என்றார் ஒருமுறை,
குழாயையா மரத்தையா, தெரியவில்லை.

நான்காம் அக்டோபரில்
மரத்தின் அடியில் ரம்பம் வைத்துவிட்டார்.
தன் கையாலேயே, இரண்டு நாள்.
விறகைக் கூட யாருக்கும் தரவில்லை.

மார்ச்சில் மறுபடி அழைப்பு.
"வந்துடுச்சு."
இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

புதுக் கேமரா வாங்கியிருந்தேன், வண்ணத்தில் காட்டுவது.
நாற்பத்தேழில் அதே கூந்தல்.
சிவப்பு.
நாய்க்குட்டி நாக்கைப்போல ஈரமான இளஞ்சிவப்பு.
மேப்பிள் வேருக்கு அந்த நிறம் வராது.
இரண்டு தோட்டம் தள்ளி
மார்வெல்லா ஸ்டோல்ட்ஸ் வீட்டில்
ஊஞ்சல் கட்டிய வில்லோ மரம்,
வேலிக்கு மேலே பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"போன வருஷத்தையும் போடு" என்றார்.
போட்டேன்.
பழைய கேமரா கறுப்புவெள்ளை.
அதில் எல்லா வேரும் சாம்பல்.

அவர் திட்டியிருக்கலாம்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து
"மூட்டே இல்லாத குழாய் உண்டா?" என்று கேட்டார்.
உண்டு.
பிசினில் ஊறிய உறையைக்
காலுறைபோல உள்ளே புரட்டிவிட்டு
ஆவியில் இறுகவைத்தோம்.
பழைய மண்ணுக்குள் புதுத் தொண்டை.
பாதிக் காசு போதும் என்றேன்.
முழுதும் எண்ணி வைத்தார்,
அது எனக்கு அடி.

மார்வெல்லா வேலியோரம் வந்து கேட்டாள்,
"என்ன வேலை நடக்குது?"
"குழாய் பழசு" என்றார் ஆர்வில்.
அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.
ரசீதில் அந்தக் கட்டத்தை
நான் காலியாக விட்டேன்.

கிளம்புமுன் சோதிக்கவேண்டும்.
அவர் மாடியில், நான் கீழே
வடிகாலில் காதை வைத்து.
நிலவறையின் சின்ன ஜன்னலில்
வெட்டிய அடிமரம் தெரிந்தது.
விளிம்பில் நாலைந்து தளிர்,
சுண்டுவிரல் உயரம்.
அதைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தார்.

தண்ணீர் இறங்கியது.
எங்கும் தடுக்காமல் என்னைக் கடந்து போனது.

"போச்சா?" மேலிருந்து குரல்.
"போச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, தேவையில்லாமல்,
இன்னொரு முறை திறந்துவிட்டார்.