புள்ளித்திட்டத்தில் இல்லை

பதினொரு நாள் சிவப்புப் பேனை பிடித்த கைகள்.
கடைசிக் கட்டுக்கும் அரக்கு வைத்து அனுப்பிய மத்தியானம்
ஒன்பது பேர் காசு சேர்த்து
நிஸ்தாரின் வானைப் பிடித்தோம்.
கும்புறுப்பிட்டிக்கு அங்கால்
ஆளில்லாத கடல் ஒன்று இருக்கிறதாம்,
யூஜின் சொன்னார்.
கடலைக் காட்ட முதல்
வானைப் புதைத்துக் காட்டினார்.

தார் முடிந்த இடத்தில் தடம்.
தடம் முடிந்த இடத்தில் மணல்.
நிஸ்தார் மிதித்தார்.
சில்லு சுற்றியது, நாங்கள் நகரவில்லை.
இன்னும் மிதித்தார்.
பின்சில்லு தனக்கொரு குழி தோண்டி
நண்டைப் போல அதற்குள் இறங்கிற்று.

தள்ளினோம்.
ஹற்றனிலிருந்து வந்த பரிமளகாந்தி ரீச்சர்,
கடலைக் கிட்டத்தில் பார்த்தறியாதவ,
வானின் பின்கண்ணாடியில் கன்னத்தை வைத்துத் தள்ளியபடி
'கடல் எந்தப் பக்கம்?' என்று கேட்டா.
கிண்ணியா றிஸ்வியா வடலியோலை இழுத்துவந்து
சில்லுக்குக் கீழே திணித்தா.
சில்லு மென்று பின்னால் துப்பியது.
புஷ்பகாந்தன் சேர் பௌதிகவியல்.
உராய்வைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டு
தள்ளாமல் நின்றார்.

யூஜின் நோர்வேயிலிருந்த தம்பியை அழைத்தார்.
வீடியோவில் தம்பியின் காரும்
கதவுவரை பனிக்குள் கிடந்தது.
'உப்புப் போடு அண்ணை' என்றார் அவர்.
உப்பா?
இருபது யார் தள்ளி
ஒரு முழுக்கடல் உப்பாய்க் கிடந்து
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உழவு மெசினுக்கு ஏழாயிரம் கேட்டார்கள்.
திருத்தின படி இன்னும் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பெடியன்.
மோட்டார்சைக்கிளில் மீன்பெட்டி, பெட்டியிலிருந்து ஐஸ் ஒழுக
வந்து நிறுத்தினான்.
எங்களைப் பார்க்கவில்லை, சில்லைப் பார்த்தான்.
குந்தியிருந்து
ஒரு நெருப்புக்குச்சியால் வால்வை அமத்தினான்.
'டேய்!' என்று பாய்ந்தார் நிஸ்தார்.
உஸ்ஸ்...
ஒன்று, இரண்டு, நாலு சில்லும்
பசித்த வயிறாய்ச் சப்பளிந்தன.
'இப்ப மெல்ல எடுங்க. மிதிக்காதீங்க.'

சேற்றுக்குள் படுத்திருந்த எருமை
தானாய் நினைத்து எழும்புவதுபோல
எழும்பி வந்தது வான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை.

ஆறாம் நாள். விஞ்ஞானம், இரண்டாம் பகுதி.
மணலில் புதைந்த வாகனத்தை வெளியே எடுக்க
வழி ஒன்று தருக. புள்ளி இரண்டு.
சில்லின் கீழ் பலகை வைத்தல் என்றது திட்டம்.
ஒரு பிள்ளை,
வலப்பக்கம் சரிந்த எழுத்து,
'சில்லுல காத்த எறக்கினா ஏலும்' என்று எழுதியிருந்தது.
நான் உரத்து வாசித்தேன்.
மேசை முழுக்கச் சிரித்தது.
'இருக்கிற காத்தும் போனா வாகனம் எப்பிடியடி ஓடும்?'
பிளேன்ரீ வந்தது.
கோடு இழுத்தேன்.

பெடியனிடம்
எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்க வாயெடுத்தேன்.
எந்த மாவட்டத்துக் கட்டு என்று
எங்களுக்குச் சொல்வதில்லை.
அவன் போய்விட்டான், ஐஸ் கரையுதாம்.

திரும்பும்போது ஆமை வேகம்.
இறக்கண்டிப் பாலத்தில்
ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது.
முன்சீற்றிலிருந்து புஷ்பகாந்தன் சேர்
திரும்பிப் பாராமலே சொன்னார்:
'பரப்பு கூடுது. அமுக்கம் குறையுது.
பலகையும் காத்தும் ஒரே விடைதான்.'
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
றிஸ்வியா காலில் ஒட்டிய மணலைத்
தட்டிக்கொண்டே வந்தா.
பரிமளகாந்தி கடலைப் பார்த்தா,
யன்னலால், விட்டு விட்டு,
வீடுகளுக்கு இடையில்.

நிலாவெளியில் காற்றடிக்க நிறுத்தினோம்.
மானியின் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
இருபது. இருபத்தெட்டு. முப்பத்துமூன்று.
'முப்பத்தைஞ்சு காணும்' என்றார் நிஸ்தார்.
சித்தியடையவும் அது காணும்.

அந்தத் தாளின் கூட்டுத்தொகை
எனக்கு ஞாபகமில்லை.
ஞாபகமில்லை என்றுதான்
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.