லோஷினி என்றொருத்தி

பாலர் பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கையில்தான்
தவமலர் கண்டுபிடித்தாள்:
பிள்ளைக்குத் தன் பெயர் தெரியாது.

பிறந்த நாளிலிருந்து பொம்மி.
பாரத்தில் மட்டும் லோஷினி த/பெ பரந்தாமன்.
லோஷினி என்று கூப்பிட்டால்
பின்னால் யாரோ நிற்பதுபோல்
திரும்பிப் பார்க்கிறாள்.

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் பெரட்டுதான்.
விடியற்காலை ஐந்தே முக்கால், ஆபீஸ் வாசல்,
கிராணி பெயர் படிப்பார்.
கை தூக்கினால் நீ இருக்கிறாய்.
தூக்காவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.
அதையே பழக்கினேன்.
கோழிக்குத் தீனி போடும்போது,
தலை துவட்டும்போது,
ரொட்டியை மைலோவில் நனைக்கும்போது
லோஷினி த/பெ பரந்தாமன்!
நான்காம் நாள் தூக்கினாள்,
ரொட்டி பிடித்த கையை.
முழங்கை வழியே ஒழுகியது மைலோ.

தவமலருக்குக் கையுறை ஃபேக்டரியில்
இரண்டாவது ஷிப்ட்.
பஸ் ஏறுமுன் காலண்டர் தாளின் பின்பக்கம்
எழுதி வைத்துவிட்டுப் போவாள்:
ஜிப்பு. சப்பாத்து. மங்கு மூடி.
தண்டாசுக்குக் கேட்பது.
கடைசி வரி சின்ன எழுத்தில்:
அழாமல் பிரிவது.
பிள்ளைக்கா எனக்கா என்று எழுதவில்லை.

பாடாங் செராய்க் கடையில் இருபத்தைந்து வெள்ளிக்கு
வெள்ளைச் சப்பாத்து.
வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை நடுவில் வெட்டி
இடதில் ஒரு சிறகு, வலதில் ஒரு சிறகு ஒட்டினேன்.
சரியாகப் போட்டால் பூச்சி பறக்கும்.
மாற்றிப் போட்டால்
இரண்டு சிறகும் கோபித்துக்கொண்டு
முதுகு காட்டும்.
பெரும்பாலும் கோபம்தான்.

மங்கு மூடிதான் பெரும்பாடு.
டிராக்டர் ஓட்டும் என் கைக்கு அது ஒரு தட்டு.
அவளுக்குப் பூட்டிய கதவு.
திறந்துவிடலாமென்று கை நீளும்போதெல்லாம்
சுவரிலிருந்து தவமலரின் கையெழுத்து முறைக்கும்.
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
பதினோரு நிமிடம்.
செம்பனைக் குலை ஏற்றிய நாளில்கூட
அப்படி வியர்த்ததில்லை.

கடைசி வரிக்கு ஒத்திகை.
வாசல்படிதான் பள்ளி கேட்.
நான் டீச்சர்.
பொம்மி, லோஷினி.
அப்பாவுக்கு ஆளில்லை.
என் ஹெல்மெட்டை மோட்டார் சீட்டில் வைத்தோம்.
அதற்கு முத்தம் கொடுத்தாள்,
கண்ணாடியை இழுத்து மூடினாள்,
"அப்பா, நீ வேலைக்குப் போ" என்றாள்.
நாற்பது தடவையாவது போயிருக்கும் அந்த அப்பா,
ஒரு தடவையும் தொண்டை அடைக்காமல்.

திங்கட்கிழமை தவமலர் வரவில்லை.
வந்தால் கெடுத்துவிடுவேன் என்றாள்.
பெரட்டு முடிந்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி
நான்தான் ஏற்றிப் போனேன்.
கேட்டில் ஒரு பையன்
வேலிக் கம்பியைப் பிடித்துக் கதறுகிறான்.
பொம்மி அவனைக் கொஞ்சம் வேடிக்கை பார்த்தாள்.
பிறகு இறங்கி,
ஹேண்டலில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை முத்தமிட்டு,
கண்ணாடியை மூடி,
"அப்பா, நீ வேலைக்குப் போ."
பக்கத்திலேயே நின்றேன்,
அன்றைக்கு எனக்கு வேடம் எதுவும் இல்லாமல்.
குலை லோரி இரண்டு கடந்து போயின.
ஹெல்மெட்டை மாட்ட மனசு வரவில்லை,
முத்தம் இன்னும் ஈரமாக இருந்தது.

பகல் வெயிலில் போய் நின்றபோது
டீச்சர் சொன்னார்:
பெயர் படித்ததும் கை தூக்கினாள்.
தண்டாசுக்குக் கேட்கவில்லை, நனைத்துவிட்டாள்,
மாற்றுச் சிலுவார் இருந்தது, பரவாயில்லை.
அப்புறம் பசியாறும் நேரத்தில்,
அந்த வேலிப் பையன்
மங்கு மூடியோடு மல்லுக்கட்டியபோது
இவள் எழுந்து போய் அவனெதிரே நின்றாளாம்,
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு,
ரொம்ப நேரம்.
"ஏன் அப்படி?" என்று டீச்சர் என்னைக் கேட்கிறார்.

சிறகுகள் முதுகு காட்டிக்கொள்ள
ஓடி வருகிறாள்.