கட்டைக்குள் குடித்தனம்

பியேத்ராஸ் ஆற்றின் மேல்கரையில்
இருபத்திரண்டு வருஷம் ரம்பம் பிடித்தவன் என் புருஷன்.
ஷிவாவாக்கோ மரம் சாய்ந்ததும்
மண் ஒருமுறை மூச்சு விடும்,
கேட்டிருக்கிறேன் என்பான் பொன்சியானோ.
இப்போது எதையும் கேட்பதில்லை.
மரத்தை அறுத்த மோட்டார்
கையோடு அவன் காதையும் அறுத்துப் போட்டது.
சோறு வெந்துவிட்டது என்று நான் கத்தினால்
அக்கரையிலிருந்து எத்தெல்வினா பதில் சொல்வாள்.
இவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பான்.

கம்பெனி கணக்கு முடித்து அனுப்பிய மாதம்
லிமாவிலிருந்து கிரிசெல்தா வந்தாள்,
அழுகிய கட்டைகளைப் பிளந்து தர ஆள் தேடி.
நல்ல மரத்துக்கு விலை உண்டு, தெரியும்.
உளுத்த மரத்துக்கு நாற்பது சோல் தினக்கூலியா?
சிரித்துக்கொண்டே கோடாரியை எடுத்தான்.

பிளந்தால், உள்ளே ஒரு வீடு.
அப்பனும் ஆத்தாளும் தார் பூசிய படகு போலக் கறுப்பு,
முதுகெல்லாம் உழுத சால்,
நெற்றியில் வளைந்த ஒற்றைக் கொம்பு.
பக்கத்தில் செங்கல் நிறத்தில் வளர்ந்த பிள்ளைகள்,
இன்னும் கறுக்கவில்லை, தனிக்குடித்தனம் போகவில்லை.
வெள்ளைப் புழுக்களுக்கு
மரத்தை மென்று பொடித்துக் கொடுக்கிறார்கள்.
தின்றதைக் கழித்து, கழித்ததில் பூஞ்சை பிடித்ததும்
அதையே மறுபடி தின்கிறார்கள்.
சீ என்றேன்.
யூக்காவை மென்று துப்பிப் புளிக்கவைத்து
நீங்கள் மசாத்தோ குடிப்பதில்லையா என்றாள் கிரிசெல்தா.
வாயை மூடிக்கொண்டேன்.

பாசாலுஸ் என்று சீட்டில் எழுதினாள்.
சாணி உருட்டும் வண்டு ஒன்றுவிட்ட உறவாம்,
மான்கொம்பு முளைத்த வண்டு பங்காளியாம்.
என் அண்ணன்மார் நினைவுக்கு வந்தார்கள்:
ஒருத்தன் சேற்றில் தங்கம் அலசுகிறான்,
இன்னொருத்தன் கொம்பு சீவிக்கொண்டு
யாரிடமாவது சண்டைக்கு நிற்கிறான்.

இவை பேசும், பதினான்கு விதமாக என்றாள்.
புழுவுக்கும்கூட ஒரு ஜோடிக் கால்
நடக்கப் பயன்படாமல் சூம்பிப்போய்,
உரசிக் குரல் எழுப்ப மட்டும் மிஞ்சியிருக்கிறது.
என்னதான் பேசும்?
தள்ளிப்போ, கிட்ட வா, தொடாதே...
மீதி எனக்கும் தெரியாது என்றாள்.

பொன்சியானோ எங்கள் உதடுகளையே பார்த்தபடி நின்றான்.
அவன் கையில் ஒன்றைப் பிடித்து வைத்தாள்.
விரல்களை மூடினான்.
அவன் முகத்தில் அதை நான் பார்த்து
ஆறு வருஷம் இருக்கும்.
"மோட்டார்" என்றான், ஊரே கேட்கும்படி.
"குட்டி மோட்டார்! ஓடுகிறது!"

அன்று சாயங்காலம் ஒரு கட்டை
எங்கள் வீட்டு இறவாணத்தடிக்கு வந்து சேர்ந்தது.
வீட்டைத் தின்னும், தூக்கி எறி என்றேன்,
கையால், காலால், கரண்டியால்.
செத்த மரத்தைத்தான் தொடும் என்றான்.
நம் வீடும் செத்த மரம்தானே என்பதை
எந்தச் சைகையில் சொல்வது?

ஜெனரேட்டர் ஓய்ந்த ஒரு ராத்திரி
கட்டையில் காதை வைத்தேன்.
ஈரத் துணியை யாரோ
விடாமல் முத்தமிடுவது போல ஒரு சத்தம்.
அவன் டார்ச் அடித்தான்.
ஒரு கூட்டுப்புழுவின் சுவர் இடிந்திருந்தது,
நான் எட்டி உதைத்ததில்தான், வேறென்ன.
வெளியே ஆத்தாளும் ஒரு செந்நிறப் பிள்ளையும்
மரத்தூளைக் குழைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள்.
உள்ளே இருந்தது தன் பங்குக்கு நெளிந்து கொடுத்தது.
அவன் உள்ளங்கையைக் கட்டைமேல் பரப்பி வைத்திருந்தான்,
காய்ச்சல் பார்ப்பவன் போல.

அந்தக் கையை எடுத்தேன்.
உதட்டோடு ஒட்டி
ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்த வசவை
முழுசாகச் சொன்னேன்.
கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.
பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக:
உப்பு தீர்ந்துவிட்டது.

தலையை ஆட்டினான்.
மறுநாள் படகேறிப் போர்ட்டுக்குப் போய்
மூன்று கட்டி சோப்பு வாங்கி வந்தான்.

பதினான்கில் ஒன்றுகூட
இன்னும் எங்களுக்குப் படியவில்லை.
சோப்பை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு
நான் கேட்காமலே
கையை நீட்டினான்.